சிவப்புப் பூட்டு யார் பெயரில்? கிண்டி முதல் சிறுசேரி வரை ஐந்து நாள்

முதல் நாள்: கிண்டி

சென்னையின் டேட்டா சென்டர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேராக அம்பத்தூருக்கோ சிறுசேரிக்கோதான் போவார்கள். இந்தப் பயணம் கிண்டியில் தொடங்குகிறது. அந்தக் கட்டடங்களுக்குள் பெண்கள் எந்தக் கதவு வரை போகிறார்கள், எந்தக் கதவில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்சாரம். அதற்கான படிப்பும் உரிமமும் இருக்கிற இடம் கிண்டி.

சர்தார் படேல் சாலையில் உள்ள பொறியியல் கல்லூரியில் 1940-ல் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. 1943-ல் படிப்பை முடித்து இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஆனார். சிவில் பிரிவில் அவரோடு படித்தவர்கள் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். லலிதாவின் சான்றிதழில் ஆணுக்கான சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு மேலே பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் மின் தொடர்களையும் துணை மின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணை வேலையும் அதில் உண்டு. அதற்கு முன் சிம்லாவில் ஏற்ற வேலைக்கு, அங்கே சகோதரர் வீடு இருந்ததும் ஒரு காரணம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. எண்பது வருஷம் கழித்தும் அம்பத்தூர் நைட் ஷிஃப்ட்டுக்குப் பெயர் கொடுக்கும் முன் கேட்கப்படும் கேள்வி இதேதான். நான்காம் நாள் அங்கே வருவோம்.

கல்லூரியிலிருந்து திரு.வி.க. தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் அலுவலகம். வயர்மேனுக்கு 'பி' சான்றிதழ், மின் மேற்பார்வையாளருக்கு 'சி' சான்றிதழ் தருவது இந்த வாரியம். டேட்டா சென்டர் வேலைக்குப் போகும் பி.இ., டிப்ளமோ பெண்களில் பலர் இந்த 'சி'யை வாங்குவதில்லை. "டிகிரி இருக்கே, இது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அலட்சியத்தின் விலை மூன்றாம் வருஷத்தில்தான் தெரிகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, மின் சாதனங்களை இயக்கவும் அவற்றில் வேலை செய்யவும் யார் யார் என்று உரிமையாளர் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர், மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பேனல் அறையில் பார்வையாளர்தான். ஷிஃப்ட் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது மேலாளர் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே செய்ய வேண்டியது: செய்யும் மின் வேலையை மின்னழுத்தம், கருவியின் பெயர், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் மாதாமாதம் கையெழுத்து வாங்கி வைப்பது. அனுபவச் சான்று கேட்கும்போது ஒப்பந்த நிறுவனம் மாறியிருக்கும், மேலாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார். நோட்டு மட்டும்தான் மிஞ்சும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி எது படித்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த திட்டம். எலக்ட்ரீஷியன் டிரேடுக்கும் ஏசி மெக்கானிக் டிரேடுக்கும் அந்தப் பணத்தோடு பெண்கள் வரலாம். கவுன்சலிங்கில் அவர்களை கம்ப்யூட்டர் டிரேடு பக்கம் திருப்பிவிடும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்: டேட்டா சென்டரில் கம்ப்யூட்டரைவிட அதைக் குளிர்விக்கும் இயந்திரங்களுக்குத்தான் ஆள் பஞ்சம்.

இரண்டாம் நாள்: சாந்தோம் கடற்கரை

இன்று சின்னப் பயணம். சென்னையில் இத்தனை டேட்டா சென்டர் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இந்த மணலுக்கு அடியில் ஓடுகிறது. 2002-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கேபிள், அடுத்து டாடாவின் கேபிள், சீ-மீ-வீ 4, வங்காள விரிகுடா கேபிள், 2020 ஆகஸ்டில் திறந்த அந்தமான் கேபிள் என ஒவ்வொன்றாகக் கரையேறின. கேபிள் கரையேறும் ஊரில் சர்வரை வைத்தால் சிங்கப்பூருக்குப் போய்வரும் நேரம் குறையும். 2021-ல் மாநில அரசு டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டதும் வேகம் கூடியது.

பெண்கள் அதிகம் தெரியும் இடம் இந்த நெட்வொர்க் பக்கம்தான். நாக் எனும் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் திரைகளைப் பார்த்து, அலாரம் வந்தால் டிக்கெட் எழுப்பி, கேபிள் நிறுவனத்தோடு பேசும் வேலை. நல்ல வேலை. சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ் முடித்தவர்கள் நேராக நுழையலாம், நெட்வொர்க் ஆர்க்கிடெக்ட் வரை போகலாம். ஆனால் கட்டடத்தின் தலைவர் என்ற நாற்காலிக்கு இங்கிருந்து ஏறுகிறவர்கள் குறைவு. அந்த நாற்காலிக்குப் பேனல் அறை, சில்லர் என்ற குளிர்விப்பு இயந்திரம், டிஜி என்ற டீசல் ஜெனரேட்டர் எல்லாம் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள். நாக், ஆவணங்கள், வாடிக்கையாளர் தொடர்பு, பாதுகாப்புப் பயிற்சி ஆகிய நான்கு மேசைகளுக்கும் பெண்களை மரியாதையோடு அனுப்பிவைப்பது இத்துறையின் பழக்கம். மரியாதை என்பதால் மறுக்கவும் கூச்சம். அப்டைம் இன்ஸ்டிட்யூட் ஆண்டுதோறும் நடத்தும் உலக ஆய்வுகளில், தங்கள் ஆட்களில் பெண்கள் சுமார் பத்து சதவீதம் அல்லது அதற்கும் கீழே என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லிவருகின்றன. அந்தப் பத்திலும் எத்தனை பேர் பேனல் அறையில் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நாக் மேசையில் இருப்பவர் ஆறு மாதத்துக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திரையில் வரும் ஒவ்வொரு அலாரத்துக்கும் கட்டடத்தில் எந்தக் கருவி, எந்த அறை, எந்த பிரேக்கர் என்று நேரில் போய்ப் பார்த்து, மின்சாரம் போகும் வழியைக் காட்டும் ஒற்றை வரிப் படத்தில் குறித்துக்கொள்வது. ஒற்றை வரிப் படத்தைப் பார்க்காமல் வரையத் தெரிந்தவரை ஆபரேஷன்ஸ் பக்கம் மாற்ற மேலாளர் தயங்க மாட்டார்.

மூன்றாம் நாள்: அம்பத்தூர்

மின்சார ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கினால் தொழிற்பேட்டை பக்கம். லேத் பட்டறை, டீக்கடை, ஏற்றுமதித் துணி ஆலை. அவற்றுக்கு நடுவே ஜன்னலே இல்லாத உயரமான கட்டடங்கள். துணி ஆலை வாசலில் ஷிஃப்ட் முடிந்து நூற்றுக்கணக்கில் பெண்கள் வெளியே வருவார்கள். பக்கத்து டேட்டா சென்டர் வாசலில் மொத்த ஷிஃப்ட்டே ஒரு வேனில் அடங்கும்.

உள்ளே மின்சாரம் வரும் வழி இது. ஈபியிலிருந்து 33 அல்லது 110 கேவி. இறங்கி 11 கேவி ஹெச்டி (உயர் அழுத்த) பேனல். டிரான்ஸ்ஃபார்மரில் 415 வோல்ட். எல்டி (தாழ் அழுத்த) பேனல், யுபிஎஸ், அங்கிருந்து சர்வர் அடுக்கிய ரேக். எல்லாம் ஏ, பி என்று இரட்டை. ஒரு பக்கத்தை நிறுத்திப் பராமரிக்கும்போது மறுபக்கம் சுமையைத் தாங்கும். டேட்டா சென்டர் தரவரிசையில் டியர் 3 என்று சொல்வதன் சாரம் அதுதான்.

இத்துறையில் பெண்களின் முன்னேற்றம் பற்றிய கூட்டங்களில் தன்னம்பிக்கை பற்றி நிறையப் பேசுவார்கள். கையுறை அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைய பதிவு அதைப் பற்றி.

415 வோல்ட் வேலைக்கு கிளாஸ் 0 ரப்பர் கையுறை. 1000 வோல்ட் வரை தாங்கும். 11 கேவிக்கு கிளாஸ் 2. 17,000 வோல்ட் வரை. ஸ்டோரில் வழக்கமாக இருப்பது 9, 10, 11 அளவு. உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அங்குலத்தில் அளந்தால் வருவதே கையுறை அளவு. பெண்களில் பலருக்கு அது ஏழும் எட்டும். 10 அளவை மாட்டினால் விரல் நுனியில் ரப்பர் மடியும், ஸ்க்ரூ பிடிபடாது. பிடிபடாததால் "ஒரு நிமிஷம்" என்று கழற்றுவார்கள். விபத்துக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். தீர்வு சிக்கனமானது: ஆள் சேர்வதற்கு முன்பே கொள்முதல் பட்டியலில் 7, 8 அளவில் இரண்டு ஜோடி. உள்ளே பருத்தி உறை போடுவதானால் அரை அளவு கூட்டிக்கொள்ளலாம். மேலே தோல் உறை கட்டாயம். அதன் விளிம்பு ரப்பரின் விளிம்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். கிளாஸ் 0-க்கு அரை அங்குலம், கிளாஸ் 2-க்கு இரண்டு அங்குலம். சின்னக் கைக்குப் பெரிய தோல் உறையைப் போட்டால் இந்த இடைவெளி காணாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, காதருகே வைத்துக் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனை.

மின்பொறி வெடிப்பின் வெப்பத்தைத் தாங்கும் ஆர்க் ஃபிளாஷ் சூட்டும் இப்படித்தான். 40 கலோரி சூட் 'எக்ஸ்எல்' ஒன்றே ஒன்று ஆணியில் தொங்கும். அதைப் போட்டால் சட்டைக் கை நீண்டு பிரேக்கர் கைப்பிடியில் மாட்டும். தலை மூடி சரிந்து முகக் கண்ணாடி வழியே லேபிள் தெரியாது. லேபிளைப் படிக்க முடியாதவர் தவறான பிரேக்கரைத் திறப்பார். பிறகு "பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவராது" என்று அறிக்கை எழுதுவார்கள். ஒத்துவராதது சூட்.

சூட்டுக்கு உள்ளே என்ன உடுத்தியிருக்கிறோம் என்பதும் முக்கியம். பாலியஸ்டர் சுடிதார் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி மட்டுமே. துப்பட்டா வெளியே. வளையல், மெட்டி, கொலுசு, உலோக ஹேர்பின், தாலிச் சங்கிலி எதுவும் பேனல் அறைக்குள் கூடாது. தாலியைக் கழற்றச் சொல்வது தயக்கமான விஷயம். மஞ்சள் கயிற்றுக்கு மாறினாலும் அதில் கோத்த உலோகம் உலோகம்தான். இதை, வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட் கையெழுத்தாகும் நேரத்தில் பேனல் முன்னால் நின்று ஆண்கள் நடுவே கேட்டால் அந்தப் பெண் வேலையை விட்டுக்கொடுத்துவிடுவார். சேரும் நாளிலேயே பாதுகாப்பு விதியாகச் சொல்லி, மோதிரமும் செயினும் போட்ட ஆண்களுக்கும் அதையே சொல்லி, பெண்கள் உடை மாற்றும் அறையில் பூட்டுள்ள சின்னப் பெட்டி ஒன்று கொடுத்தால் பிரச்சினை முடிந்தது. அவரவர் முடிவை அவரவர் தனியாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த சாக்கு, பாரம். 12 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ. ஒரு யுபிஎஸ் வரிசையில் 40 பேட்டரி. இதைக் கையால் தூக்கி மாற்றும் தளங்களில் ஆண்களின் முதுகும் உடைகிறது, சொல்வதில்லை, அவ்வளவுதான். இப்போது வரும் ஏஐ சர்வர்களில் டிஜிஎக்ஸ் ஹெச்100 ஒன்று மட்டும் 130 கிலோ. எந்தப் பயில்வானும் அதைக் கையால் ரேக்கில் ஏற்றுவதில்லை. லிஃப்ட் டிராலி வந்தது சர்வருக்காக. போகிற போக்கில் பெண்களுக்கு எதிரான பழைய வாதம் ஒன்றையும் அது தூக்கிக்கொண்டு போனது.

சரி, எல்லாம் பொருந்திவிட்டது. இனி வேலை. யுபிஎஸ் ஒன்றைப் பராமரிப்புக்கு எடுக்கும் வரிசையைப் பார்ப்போம். யுபிஎஸ்ஸைச் சுற்றிப் போகும் பைபாஸ் மின்சாரமும் யுபிஎஸ் வெளியீடும் ஒத்திசைவில் உள்ளனவா என்று திரையில் உறுதிசெய்ய வேண்டும். ஸ்டாட்டிக் பைபாஸுக்கு மாற்றி, அதன் பிறகே மெயின்டனன்ஸ் பைபாஸ் பிரேக்கரை மூட வேண்டும் (பிரேக்கரை மூடினால் மின்சாரம் ஓடும், திறந்தால் நிற்கும்). பின்னர் யுபிஎஸ் வெளியீட்டு பிரேக்கரைத் திறந்து, இன்வெர்ட்டரை நிறுத்தி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரின் உள்ளீடு, பேட்டரி, பைபாஸ் உள்ளீடு ஆகியவற்றின் பிரேக்கர்களை வரிசையாகத் திறக்க வேண்டும். கண்டென்சர்கள் வடியத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரை உயிருள்ள இடத்தில் ஒருமுறை சோதித்து, வேலை இடத்தை அளந்து, மறுபடி மீட்டரைச் சோதிக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போதே மெயின்டனன்ஸ் பைபாஸை மூடினால் இரண்டு மின்மூலங்கள் மோதும்; சாவி இன்டர்லாக் வைத்திருப்பது அதற்காக. பேட்டரி பிரேக்கரைத் திறந்த பிறகும் பேட்டரிப் பக்கம் செத்துவிடாது. 40 பேட்டரி வரிசையில் 480 வோல்ட் டிசி, சார்ஜில் இருக்கும்போது 540 வரை. அதை 'ஆஃப்' செய்ய ஸ்விட்ச் கிடையாது.

அதிகம் நடக்கும் தவறு இவற்றில் எதுவும் அல்ல. ஏ பக்க அறையும் பி பக்க அறையும் கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும். ஏ-வை நிறுத்தப் போனவர் பி-யில் நிற்பார். அதனால்தான் எம்ஓபி என்ற செயல்முறைத் தாளை ஒருவர் படிக்க, ஒருவர் செய்ய வேண்டும். படிப்பவர் லேபிளைச் சத்தமாகச் சொல்வார். செய்பவர் லேபிளைத் தொட்டு, திருப்பிச் சொல்லி, "செய்" என்று வந்த பிறகே செய்வார். முடிந்ததும் நேரம் எழுதி இருவரும் சுருக்கொப்பம். திறந்த பிரேக்கரை வேறு யாரும் மூடிவிடாதபடி அதில் செய்பவரின் சொந்தப் பூட்டு. சிவப்பு நிறம், ஒரே சாவி, பெயர் எழுதிய அட்டை.

அம்பத்தூரில் பார்க்க வேண்டியது இங்கேதான். படிப்பவராக எப்போதும் பெண், செய்பவராக எப்போதும் ஆண் என்று பழகிவிட்ட தளங்கள் உண்டு. "அவங்க தெளிவா படிப்பாங்க" என்பார்கள். மூன்று வருஷம் படித்துக்கொண்டே இருந்தவருக்குச் சொந்தப் பூட்டு இருக்காது, அதிகாரப் பட்டியலில் பெயரும் இருக்காது. எம்ஓபி தாளின் கடைசிப் பக்கத்தில் யார் படித்தார், யார் செய்தார் என்பது பதிவாகிறது. ஒரு வருஷத் தாள்களை எடுத்து எண்ணிப் பார்க்க ஒரு மத்தியானம் போதும். மாதத்தில் பாதி வேலைகளில் இடம் மாற்றிக்கொள்வது என்று ரோஸ்டரிலேயே எழுதிவிட்டால், கேட்டு வாங்கும் சங்கடமும் இல்லை.

நான்காம் நாள்: அம்பத்தூர், இரவு பத்து மணி

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் ஓர் இடத்தை நிரப்ப மூன்றரைப் பேர். விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் நாலரை. படிப்பவர் செய்பவர் விதிக்கு ஷிஃப்ட்டுக்கு இருவர், ஆக ஒன்பது பேர். நடுத்தரத் தளத்தின் ஆபரேஷன்ஸ் அணி இவ்வளவுதான்.

இப்போது பல நிறுவனங்கள் தமக்குத்தாமே வைத்துக்கொண்ட விதியைப் போட்டுப் பாருங்கள்: இரவில் ஒரு பெண் தனியாக இருக்கக்கூடாது. ஒன்பதில் இருவர் பெண்கள் என்றால் இருவரும் ஒரே ஷிஃப்ட்டில்தான் சுற்ற வேண்டும். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கும் நைட் போச்சு. ரோஸ்டர் போடுகிறவர் இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு, இருவரையும் பொது ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிடுவார். நைட் பார்க்காதவர் தனியாக எந்த அவசரத்தையும் கையாண்டிருக்க மாட்டார். ஷிஃப்ட் லீடாக மாட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கணக்கு அப்படி.

கணக்கை மாற்றலாம். அணியை எண்ணாமல் கட்டடத்தை எண்ண வேண்டும். இரவில் உள்ளே இருப்பவர்கள் ஆபரேஷன்ஸ், நாக், செக்யூரிட்டி, ரிமோட் ஹேண்ட்ஸ் (வாடிக்கையாளருக்காக சர்வரில் கைவேலை செய்பவர்கள்), துப்புரவு என்று எல்லோரும். ஆனால் நான்கைந்து ஒப்பந்த நிறுவனங்கள், நான்கைந்து ரோஸ்டர்கள். இந்த ரோஸ்டர்களை ஒரே தாளில் சேர்த்துப் போட்டால் ஒவ்வோர் இரவும் கட்டடத்தில் மூன்று நான்கு பெண்கள் இருப்பது தெரியும், அல்லது செக்யூரிட்டி ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்கலாம். அதே தாள் உள்ளகப் புகார்க் குழுவுக்கும் உதவும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழு கட்டாயம். தலைமை மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். ஒப்பந்தப் பெண்ணும் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஆனால் கட்டட உரிமையாளரின் குழுவா, ஒப்பந்த நிறுவனத்தின் குழுவா என்று தெரியாமல் நிற்கிறவர்களே அதிகம். இரு குழுக்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். ரிசப்ஷன் சுவரில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

சட்டம் தடை என்பது பழைய கதை. ஆலைகளில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற 1948 சட்டத்தின் 66(1)(பி) பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே ரத்து செய்தது. கடைகள், நிறுவனங்கள் 24 மணி நேரம் இயங்க 2019-ல் வந்த தமிழக அரசாணை, எழுத்துமூலச் சம்மதம், போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்புப் பெட்டி என்ற நிபந்தனைகளோடு இரவு எட்டு முதல் காலை ஆறு வரை பெண்கள் வேலை செய்ய இடம் தந்தது. சம்மதம் என்பது அவர் தருவது. "உங்க நல்லதுக்குத்தான்" என்று நிறுவனம் அவருக்காக மறுப்பது அதில் இல்லை.

இனி கேப். பெண்ணை முதலில் ஏற்றக்கூடாது, கடைசியில் இறக்கக்கூடாது, இல்லையென்றால் காவலர் கூட வர வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது. யாரும் எழுதாதது கேப் கிளம்பும் நேரம். ஷிஃப்ட் பத்து மணிக்கு முடிகிறது, கேப்பும் பத்துக்கு. கைமாற்றம் முறையாகச் செய்தால் இருபத்தைந்து நிமிஷம் ஆகும்: திறந்திருக்கும் பெர்மிட்கள், பைபாஸில் உள்ள கருவிகள், டீசல் அளவு, அலாரம் மறைத்து வைத்தவை, இன்றைய எம்ஓபி எந்தப் படியில் நிற்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். பைக்கில் போகும் ஆண் நின்று சொல்லிவிட்டுப் போவார். பெண் பாதியில் ஓடுவார். ஆறு மாதத்தில் "அவங்க ஹேண்ட்ஓவர் சரியில்லை" என்று மதிப்பீட்டில் ஏறிவிடும். கேப்பை 10.30-க்கு மாற்றினால் தீர்ந்தது. அவசரம் நடக்கும் இரவுக்கு இரண்டாவது வண்டி ஒன்றை அழைக்கும் அதிகாரம் ஷிஃப்ட் லீடின் கையில் இருக்க வேண்டும், டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் அல்ல.

புயல் நாள் தனி. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. புயல் எச்சரிக்கை வந்ததும் 72 மணி நேரம் உள்ளேயே தங்கும் குழுவின் பட்டியல் தயாராகும். டீசல் டேங்கர் வர முடியாது, அடுத்த ஷிஃப்ட் வர முடியாது என்ற கணக்கில். அந்தப் பட்டியலில் பெண் பெயரைப் பாதுகாப்புக்காக விட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் பதவி உயர்வுப் பேச்சு வரும்போது "புயலில் நின்றவர்" என்ற வாக்கியம் மேசைக்கு வருகிறது. தங்கும் ஏற்பாடு ஒன்றும் பெரிய காரியம் இல்லை: உட்பக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை, இரண்டு கட்டில், தனிக் கழிப்பறை, நாப்கின், மருந்து, மாற்று உடை. அக்டோபர் முதல் வாரம் டீசல் தொட்டியை நிரப்பும்போதே இதையும் சரிபார்க்கலாம்.

குழந்தை விஷயம். 2017 திருத்தத்திலிருந்து மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். பல நூறு கோடி ரூபாய்க் கட்டடத்தில் நிறுவனத்தின் நேரடி ஊழியர் முப்பது பேர் என்றால் காப்பகம் யார் பொறுப்பு? பக்கத்துத் துணி ஆலையோடும் மற்ற டேட்டா சென்டர்களோடும் சேர்ந்து பேட்டைக்குப் பொதுவாக ஒன்று நடத்தலாம். சட்டம் தடுக்கவில்லை, யாரும் முன்வந்து கேட்கவும் இல்லை. 26 வாரம் கழித்து வருகிறவருக்கு மேலாளர் செய்ய வேண்டியது எளிது: மாறிய கருவிகளைச் சுற்றிக் காட்டி, மூன்று எம்ஓபிகளில் கூட நிற்கவைத்து, இரண்டே வாரத்தில் அதிகாரப் பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதுவது. "கொஞ்ச நாள் ஆவணப் பக்கம் இருங்க" என்று அனுப்பினால் அந்தக் கொஞ்ச நாள் முடிவதே இல்லை. கர்ப்ப காலத்தில் டிஜி அறைச் சத்தம், ஏணி, பாரம் மூன்றையும் விலக்கலாம். எம்ஓபிக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை விலக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள்: சிறுசேரி

ஓஎம்ஆரில் மெட்ரோ தூண்கள் நடுவே ஊர்ந்து சிப்காட் வரை. மாதவரத்திலிருந்து இங்கே வரும் தடம் ஓடத் தொடங்கினால் அதிகாலை ஷிஃப்ட்டின் கேப் கணக்கே மாறும். இங்கே புதுக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. சென்னைக்கு வந்த பன்னாட்டு நிறுவனங்களில் ஒன்றான ஈக்வினிக்ஸின் உலகத் தலைமைச் செயல் அதிகாரி 2024 ஜூனிலிருந்து ஒரு பெண், அடேர் ஃபாக்ஸ்-மார்ட்டின். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டா சென்டர் பிரிவின் தலைமைக்கு வந்தவர் நோயல் வால்ஷ். உச்சியில் பெண்கள் இருக்கிறார்கள். நடுப்படிகளில்தான் கூட்டம் குறைவு.

ஓடும் கட்டடத்தில் பதவி காலியாக யாராவது போக வேண்டும். புதுக் கட்டடத்தில் எல்லா நாற்காலியும் காலி. அதனால் மேலே ஏற நினைப்பவர்களுக்கு, கட்டடத்தைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் கமிஷனிங்தான் குறுக்கு வழி, அதுவும் நேர்மையான குறுக்கு வழி. ஐந்து நிலைகள், ஐந்து நிற அட்டைகள். சிவப்பு: கருவி கிளம்பும் முன் தொழிற்சாலையிலேயே சோதனை. மஞ்சள்: தளத்துக்கு வந்து பொருத்தியது. பச்சை: முதல் முறை உயிர்கொடுப்பது. நீலம்: கருவி தனியாகச் சரியாக இயங்குகிறதா. வெள்ளை: எல்லாம் சேர்ந்து. சிவப்பு நிலைக்கு டிஜி, சில்லர், டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலைகளுக்குப் பயணம் போக வேண்டும். "வெளியூர், ஹோட்டல், நாலு நாள்" என்று பெண்களைக் கேட்காமலேயே விடும் இடமும் அதுதான். தொழிற்சாலையில் கருவியின் குடலைப் பார்த்தவருக்கு ஐந்தாம் நிலையில் அது முரண்டு பிடிக்கும்போது காரணம் தெரியும். முதல் பயணத்துக்கே பெயர் கொடுக்க வேண்டும், கேட்கவில்லை என்றாலும்.

வெள்ளை அட்டை நாளில் நடப்பது இது. சர்வர் இல்லாத ஹாலில் லோட் பேங்க் என்ற ஹீட்டர்கள் முழுச் சுமையைக் கொடுக்கின்றன. ஈபி பிரேக்கரைத் திறக்கிறார்கள். சுமையை யுபிஎஸ் தாங்குகிறது. பத்துப் பதினைந்து விநாடிகளில் டிஜிக்கள் எழுந்து ஒத்திசைந்து சுமையை வாங்குகின்றன. ஆனால் சில்லர் மறுபடி முழு வேகத்துக்கு வரப் பல நிமிஷம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் சேர்த்து வைத்த குளிர்நீரை, யுபிஎஸ்ஸில் ஓடும் பம்ப் சுற்றிவிடுகிறது. சர்வரின் முகப்பில் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்பது குளிர்விப்புப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. எந்த ரேக்கில் 27-ஐத் தாண்டுகிறது என்று ஹாலில் நிற்பவர்கள் கூவுவார்கள்.

கெடுவது எங்கே? நான்கு டிஜியில் ஒன்று ஒத்திசையாமல் நிற்கும். பம்ப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி குறை மின்னழுத்தத்தில் ட்ரிப் ஆகி, தானாக மீண்டும் கிளம்பும் அமைப்பு போடாமல் விட்டிருப்பார்கள். மின்சாரம் வந்தும் பம்ப் சும்மா இருக்கும். ஈபியிலிருந்து டிஜிக்குத் தானாக மாற்றும் ஏடிஎஸ் ஸ்விட்ச்சின் காத்திருப்பு நேரம் ஏ பக்கம் ஒன்று, பி பக்கம் வேறொன்று. இவை எல்லாவற்றையும்விட எரிச்சலானது, பிஎம்எஸ் (கட்டடக் கண்காணிப்பு அமைப்பு), டிஜி கன்ட்ரோலர், பவர் மீட்டர் மூன்றிலும் கடிகாரம் வேறுவேறாக ஓடுவது. எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாமல் நான்கு நிறுவனங்கள் ஒன்றையொன்று கை காட்டும். சோதனைக்கு முந்தின நாள் எல்லாக் கருவிகளின் நேரத்தையும் நேரம் தரும் ஒரே என்டிபி சர்வரோடு பொருத்தி, படம் எடுத்து வைப்பவர் அடுத்த நாள் கூட்டத்தில் தானாகவே தலைமையில் இருப்பார்.

அந்த நாளில் ஒருவர் சோதனை இயக்குநர். கையில் வாக்கி டாக்கி, முன்னால் நிமிஷ வாரியான ஸ்கிரிப்ட். அவர் "திற" என்றால்தான் பிரேக்கர் திறக்கும், "நிறுத்து" என்றால் வாடிக்கையாளரின் துணைத் தலைவரே ஆனாலும் காத்திருக்க வேண்டும். கட்டடத் தலைவருக்கான நேர்காணலில் பெர்மிட் அதிகாரம், அவசரத்தில் தலைமை, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) பட்ஜெட், வாடிக்கையாளர் தணிக்கை என்று நான்கைக் கேட்பார்கள். நான்காவது பெண்களின் ரெஸ்யூமில் வழக்கமாக இருக்கிறது. முதல் இரண்டும் இந்த ஒரு நாளில் சேரும். சிடிசிபி போன்ற இரண்டு நாள் டேட்டா சென்டர் சான்றிதழ்களும் ஷ்னைடரின் இலவச ஆன்லைன் பாடமும் சொற்களைக் கற்றுத்தரும், நேர்காணல் வரை கூட்டிப்போகும். வாக்கி டாக்கியைக் கொடுக்காது.

இயக்குநராக நிற்பதற்கான தயாரிப்பு ஆறு வாரம். ஸ்கிரிப்டின் முதல் வரைவைத் தானே எழுதுவது. ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் அளவு, தாண்டினால் பின்வாங்கும் படி. நீல அட்டை நிலையில் தோற்ற சோதனைகளின் பட்டியலை மூடாமல் வெள்ளைக்குப் போக மறுப்பது. மின்சாரம் இல்லாமலேயே இரண்டு ஒத்திகை, ஒன்று பகலில், ஒன்று இரவில். ஒத்திகையில் வாக்கி டாக்கியின் சத்தம் டிஜி அறையில் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கேட்காது, ஹெட்செட் உள்ள காது மூடி வேண்டும். ஸ்கிரிப்டின் அட்டைப் பக்கத்தில் 'சோதனை இயக்குநர்' என்ற வார்த்தைக்கு எதிரே ஒரு கோடு இருக்கும். அதைக் காலியாக விட்டு வரைவைச் சுற்றுக்கு அனுப்பினால் யாராவது ஓர் ஆணின் பெயரோடு திரும்பி வரும். பெயரை எழுதியே அனுப்ப வேண்டும்.

சிப்காட் வாசலில் மாலை ஆறு மணிக்கு கேப் வரிசை. நகரப் பேருந்து பிடிப்பவர்கள் ஓஎம்ஆர் வரை நடந்தால் 102 கிடைக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தென்றால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இரவு பத்து மணி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அதை நம்பி நிற்க வேண்டாம்.